ஆசிய ஆய்வு மையம் எமக்கு எதற்கு? லுணுகலையிலிருந்து சில எண்ணங்கள்

'ஆசிய ஆய்வு மையம்', 'தெற்காசியக் கற்கைகள் நிலையம்' போன்ற பெயர்களைப் பல்கலைக்கழகச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால் எம்மில் பலரிடம் தெளிவான பதில் இல்லை. மருத்துவ பீடத்திலிருந்து வைத்தியர் வருவார், பொறியியல் பீடத்திலிருந்து பொறியியலாளர் வருவார். ஆய்வு மையத்திலிருந்து யார் வருவார்? அவரால் ஒரு தோட்டப்புற ஊருக்கு என்ன பயன்?

நான் லுணுகலையைச் சேர்ந்தவன். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதியில் உள்ள சிறு நகரம் எமது ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பஜாரில் முஸ்லிம், சிங்கள, தமிழ்க் கடைகள். இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது மேலே சொன்ன கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. எமது சமூகத்தின் பிரதிநிதித்துவம், காணி, பிரஜாவுரிமை ஆகிய எல்லா விவகாரங்களிலும் கடைசியில் கேட்கப்படுவது ஆவணம். அந்த ஆவணத்தைச் சேர்த்து, காத்து, படித்துச் சொல்லும் தொழிலைத்தான் இத்தகைய மையங்கள் செய்கின்றன.

1888 இல் நடந்தது

இலங்கை முஸ்லிம்களின் அரசியல் வரலாற்றில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குத் தனி இடம் உண்டு. 1888 ஆம் ஆண்டு, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 'இலங்கைச் சோனகரின் இனவியல்' பற்றி ஒரு கட்டுரையை முன்வைத்தார். சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே வேறுபட்டவர் என்பது அதன் சாரம். அப்போது அவர் சட்டவாக்க சபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் தேவையா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே, 1889 இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆயினும் அந்தக் கட்டுரை அச்சில் நின்றது. அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய விரிவான மறுப்பு நூலாக வெளிவந்தது 1907 இல்.

இடையில் கடந்தவை 19 ஆண்டுகள். இராமநாதனின் முடிவு சரியா, அஸீஸின் முடிவு சரியா என்பதை வேறோர் இடத்தில் பேசலாம். இங்கே நான் காட்ட விரும்புவது வேறு விடயம். ஓர் ஆய்வு அமைப்பின் மேடையில் வாசிக்கப்பட்ட கட்டுரை ஒரு சமூகத்தின் அரசியல் உரிமையைத் தொடும் அளவுக்குப் பலம் பெற்றிருந்தது. அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை 1845 இல் தொடங்கப்பட்டது. இன்றைய ஆசிய ஆய்வு மையங்களுக்கு அதை ஒரு மூதாதை என்றே சொல்லலாம். அங்கே எமது ஆவணங்களும் எமது ஆய்வாளர்களும் இல்லாதபோது, மற்றவர் எழுதியதற்குப் பின்னர் மறுப்பு எழுதுவதுதான் எமக்குக் கிடைத்த வேலை. அந்த நிலை முழுமையாக மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த மையங்கள் எப்படித் தோன்றின?

தொடக்கத்தில் இவை எமக்காக உருவாக்கப்படவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயக் கற்கைகளுக்கான கல்லூரி 1916 இல் நிறுவப்பட்டபோது, காலனிகளுக்குச் செல்லும் அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் மொழி கற்பிப்பது அதன் பெரிய நோக்கமாக இருந்தது. அமெரிக்காவில் 1958 ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் கீழ்ப் பிரதேசக் கற்கைகளுக்கு அரசாங்கப் பணம் கொட்டியது. சோவியத் யூனியனுடனான போட்டியில் உலக மொழிகளை அறிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் தெற்காசிய நிறுவனம் 1962 இலும், கேம்பிரிட்ஜில் தெற்காசியக் கற்கைகள் மையம் 1964 இலும், சிங்கப்பூரில் தென்கிழக்காசியக் கற்கைகள் நிறுவனம் 1968 இலும், நெதர்லாந்தின் லெய்டனில் ஆசியக் கற்கைகளுக்கான சர்வதேச நிறுவனம் 1993 இலும் தொடங்கப்பட்டன.

கேம்பிரிட்ஜ் மையத்தின் முதலாவது பணிப்பாளர் பி.எச். ஃபார்மர் என்ற புவியியலாளர். இலங்கையின் வரண்ட வலயக் குடியேற்றங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1957 இல் வெளியானது. எமது அயலில் உள்ள கல்லோயாத் திட்டம் போன்ற குடியேற்றங்களைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் இன்றும் அந்த நூலைத் தேடிப் போகிறார்கள். இலங்கைக் காணி ஆணைக்குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். அதாவது, ஆய்வாளர் ஒருவர் எழுதியது நூலகத்தில் மட்டும் தங்கவில்லை. யாருக்குக் காணி, எவ்வளவு காணி என்ற கொள்கைப் பேச்சிலும் அது கலந்தது.

அதே மையம் இன்னொரு வேலையும் செய்தது. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் பர்மாவிலும் வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பிய குடும்பங்களிடமிருந்து கடிதங்கள், நாட்குறிப்புகள், புகைப்படங்கள், வீட்டில் எடுத்த படச்சுருள்கள் ஆகியவற்றைக் கேட்டுப் பெற்றது. அவற்றை வரிசைப்படுத்தி, விபரப் பட்டியல் தயாரித்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அந்தக் குடும்பங்கள் குப்பையில் போட்டிருக்கக்கூடிய காகிதங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகள். துரைமார் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் பாதுகாப்பாக இருக்கிறது. துரையின் தோட்டத்துக்கு அரிசி கொடுத்த கடைக்காரரின் கணக்குக் கொப்பி எங்கே இருக்கிறது?

ஒரு நல்ல மையம் செய்யும் வேலைகள்

முதல் வேலை சேகரிப்பது. கையெழுத்துப் பிரதி, உறுதி, பதிவேடு, புகைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, யாருடையது, எந்த ஆண்டு என்று பட்டியலிடுவது. பட்டியல் இல்லாத சேகரிப்பு, பூட்டிய அலுமாரி போன்றது.

இரண்டாவது வேலை மொழி. லுணுகலையின் வரலாற்றை எழுத வேண்டுமானால் எத்தனை மொழி வேண்டும் என்று பாருங்கள். கண்டி இராச்சியத்தின் காணிக்கொடைகளைப் படிக்கச் சிங்களம் வேண்டும். கிழக்குக் கரையில் முஸ்லிம் வணிகர்கள் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை அறிய ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களைப் படிக்க வேண்டும். அதற்குப் பழைய டச்சு மொழி வேண்டும். கச்சேரி அறிக்கைகளுக்கு ஆங்கிலம், தோட்டத்து மக்களின் பதிவுகளுக்குத் தமிழ், எமது முன்னோர் எழுதிய மார்க்க ஏடுகளுக்கு அரபுத்தமிழ் வேண்டும். இத்தனையும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. ஐந்தாறு பேர் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒருவருக்கொருவர் படித்துக் கொடுத்தால் முடியும். மையம் என்ற அமைப்பின் நியாயமே அதுதான்.

மூன்றாவது வேலை, துறைகளுக்கும் நாடுகளுக்கும் இடையில் உள்ள வேலிகளைத் தாண்டுவது. வரலாறு ஒரு பக்கம், புவியியல் ஒரு பக்கம், மார்க்கக் கல்வி ஒரு பக்கம் என்று பீடங்கள் பிரிந்து நிற்கின்றன. மக்களின் வாழ்க்கை அப்படிப் பிரிந்து நடப்பதில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருந்து வந்த வணிகர் கொழும்பில் சரக்கு எடுத்து, பதுளையில் விற்று, தோட்டத் தொழிலாளிக்குக் கடன் கொடுத்திருந்தால், அந்தக் கதை எந்த நாட்டு வரலாற்றில் சேரும்?

நான்காவது வேலை திருப்பிக் கொடுப்பது. கண்டறிந்ததை அந்த மக்களின் மொழியில், அவர்கள் கைக்கு எட்டும் வடிவில் தருவது. இதில்தான் பெரும்பாலான மையங்கள் தவறிவிடுகின்றன.

மலாய்ச் சகோதரர்களின் அனுபவம்

இந்த வேலைகள் சரியாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இங்கு வந்தவர்கள் மலாய் மக்களின் முன்னோர். பிரித்தானியரின் இலங்கை ரைபிள் படை 1873 இல் கலைக்கப்பட்ட பின்னர் அவர்களில் பலர் பொலிஸிலும் பெருந்தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தனர். அரபு எழுத்தில் எழுதப்பட்ட மலாய்ப் பிரதிகள் அவர்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தன. பிள்ளைகளால் அவற்றைப் படிக்க முடியாமல் போனது.

வரலாற்றாசிரியர் பி.ஏ. ஹுஸைன்மியா 1970களில் வீடு வீடாகச் சென்று இந்தப் பிரதிகளைத் தேடினார். இலங்கை மலாய்ப் படையைப் பற்றிய அவரது நூல் 1990 இல் வெளிவந்தது. பின்னர் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனிட் ரிச்சி என்ற ஆய்வாளர், பிரித்தானிய நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன், குடும்பங்களிடம் இருந்த மலாய்ப் பிரதிகளை டிஜிட்டல் வடிவில் பதிவு செய்யும் பணியை நடத்தினார். இப்போது அவற்றை உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையத்தில் பார்க்கலாம்.

அதே ரிச்சி 2011 இல் வெளியிட்ட நூல், ஆயிரம் கேள்விகள் என்ற இஸ்லாமிய நூல் மரபு ஜாவா, மலாய், தமிழ் ஆகிய மொழிகளில் எப்படி வடிவெடுத்தது என்பதை ஒப்பிட்டுக் காட்டுகிறது. தமிழில் அது 1572 இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய 'ஆயிர மசலா'. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது. தமிழ்த் துறைக்குள் மட்டும் இருந்து பார்த்தால் அது தமிழ் முஸ்லிம்களின் ஒரு பழைய நூல். ஆசியா என்ற பரந்த பரப்பில் வைத்துப் பார்க்கும்போது, தென்னிந்தியாவும் இந்தோனேசியத் தீவுகளும் ஒரே நூலைத் தத்தம் மொழியில் படித்த ஓர் உலகம் தெரிகிறது.

எமது நாட்டின் அறிஞர் ம.மு. உவைஸ் இந்தப் பாதையில் முன்னோடி. பாணந்துறையைச் சேர்ந்த அவர், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்புப் பற்றிய தமது ஆய்வை 1953 இல் நூலாக வெளியிட்டார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஏற்படுத்தப்பட்ட இருக்கையில் பேராசிரியராக இருந்து, அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். தனி மனிதரின் உழைப்பு அதற்குக் காரணம்தான். ஆனால் ஓர் இருக்கை, ஒரு நூலகம், தொடர்ந்து ஒரு சம்பளம், உடன் உழைக்க ஓர் ஆள் ஆகியவை இல்லாமல் அந்தத் தொகுதிகள் வந்திருக்க முடியாது.

லுணுகலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இனி எமது ஊருக்கு வருவோம். சிங்களத்தில் 'லுணு' என்றால் உப்பு, 'கல' என்றால் கல். கிழக்குக் கரையின் உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏறியதும், மலைநாட்டின் பாக்கு கரைக்கு இறங்கியதும் பொதி மாடுகளில்தான். அந்த மாட்டு அணியைத் 'தவளம்' என்றார்கள். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்குப் பொறுப்பாக 'மடிகே' என்ற பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெருமளவில் பணியாற்றினார்கள். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்களின் இந்தப் பங்கை விரிவாக எடுத்துக் காட்டியவர் சிங்கள வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா. அவரது நூல் 1994 இல் வெளிவந்தது.

1817 இல் பிரித்தானியர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு மேலாக ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்தனர். இதனால் தமது அதிகாரம் குறைந்ததாகச் சிங்களப் பிரதானிகள் கோபமடைந்தனர். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வெடித்தது. பதுளையிலிருந்து விசாரிக்கச் சென்ற வில்சன் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கிய முறையில் ஊவா பாழாகியது. பாடப்புத்தகத்தில் இந்த நியமனம் ஒரு வரியில் வந்து போகும். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, முஸ்லிம்கள் வெள்ளையருக்குத் துணை போனவர்கள் என்று இன்று முகநூலில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மறுபுறத்தில், வெல்லஸ்ஸவின் பங்கரகம்மனயில் ஒரு முஸ்லிம் பெண் தன் உயிரைக் கொடுத்து அரசனைக் காப்பாற்றினாள் என்ற வாய்மொழி மரபு எம்மிடையே உண்டு. மேடைகளில் அதைத்தான் நாம் சொல்கிறோம். ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, மற்றவர் ஒரு கதையைச் சொல்ல, இரண்டும் மோதிக்கொண்டு நிற்கின்றன. ஆய்வு மையம் செய்ய வேண்டியது இங்கேதான். கிளர்ச்சிக்கு முன்னர் மடிகே மக்களுக்கு என்ன கடமைகள், என்ன காணிகள் இருந்தன, யாருக்கு வரி கட்டினார்கள், கிளர்ச்சியின்போது எந்தெந்தக் கிராமத்தவர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைக் காணிக்கொடைகளிலும் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ள அக்காலக் கடிதங்களிலும் தேடி எழுத வேண்டும். வாய்மொழிக் கதையை வாய்மொழிக் கதையாகவே பதிவு செய்ய வேண்டும். முடிவு எமக்கு இனிப்பாக இருக்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் சான்றோடு வரும் முடிவை வைத்து அயலவருடன் பேசலாம்.

கோப்பியும் தேயிலையும் வந்த பிறகு கதை இன்னும் விரிகிறது. 1886 இல் ஊவா தனி மாகாணமானது. 1893 இல் ஹேர்பேர்ட் வைட் என்ற சிவில் அதிகாரி ஊவா மாகாணக் கைநூலை எழுதினார். 1924 இல் ரயில் பதுளையை எட்டியது. 1911 குடிசன மதிப்பீட்டில் முஸ்லிம்கள் 'இலங்கைச் சோனகர்', 'இந்தியச் சோனகர்' என்று தனித்தனியே எண்ணப்பட்டனர். தோட்டப்புற நகரங்களில் கடை வைத்திருந்தவர்களில் இரு பிரிவினரும் இருந்தார்கள்.

மலையகத் தோட்ட மக்களைப் பற்றி வலன்டைன் டானியல், மைத்ரி ஜெகதீசன் போன்ற நல்ல மானிடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கிழக்கு முஸ்லிம்களைப் பற்றி, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல தசாப்தங்கள் ஆய்வு செய்து 2008 இல் பெரிய நூலை வெளியிட்டார். தோட்டங்களைப் பற்றிய நூல்களில் கடை முதலாளி ஓரமாக வந்து போகிறார். முஸ்லிம்களைப் பற்றிய நூல்களில் கொழும்பும் பேருவளையும் கண்டியும் கிழக்கும் பெரும் இடத்தைப் பிடிக்கின்றன. பசறையும் லுணுகலையும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் விழுந்துவிட்ட ஊர்கள்.

கடன் கொப்பியும் பிரஜாவுரிமையும்

எனது பாட்டனார் பஜாரில் சில்லறைக் கடை வைத்திருந்தார். அவருடைய கணக்குக் கொப்பிகளில் இரண்டு எங்கள் வீட்டில் மிஞ்சியுள்ளன. முதல் பக்கத்தின் மேலே 786. உள்ளே தோட்டத்தின் பெயர், லயன், ஆளின் பெயர், அரிசி எத்தனை கொத்து, மண்ணெண்ணெய் எத்தனை போத்தல், சம்பள நாளில் கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. பக்கத்துக்குப் பக்கம் இதேதான். எங்களுக்கு அது குடும்ப ஞாபகம். ஓர் ஆய்வாளருக்கு அது விலை விபரம், கூலி விபரம், உணவு விபரம், இரண்டு சமூகங்களின் உறவு விபரம்.

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, 1949 இல் இந்திய-பாகிஸ்தானியர் வதிவாளர் சட்டம் வந்தபோது, மலையகத் தமிழரிடமும் இந்திய வம்சாவளி முஸ்லிம் வணிகரிடமும் அரசு ஒரே கேள்வியைத்தான் கேட்டது. இங்கே தொடர்ந்து வாழ்ந்ததற்கு என்ன ஆதாரம்? திருமணமானவர் 7 ஆண்டும், மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். வாழ்ந்தது உண்மை. காட்டக் காகிதம் இல்லை. பலரின் விண்ணப்பம் அங்கேயே விழுந்தது. பின்னர் 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பது என்றும் முடிவானது. மனிதர்கள் எண்ணாகிப் பிரிக்கப்பட்டனர். அவர்களில் சிலரது பெயர்கள் என் பாட்டனாரின் கொப்பியில் இருக்கக்கூடும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் நிலையும் எமக்குத் தெரியும். உறுதியையும் பதிவையும் விட்டுவிட்டு வந்தவர்கள், திரும்பிச் சென்றபோது தமது சொந்தக் காணியை நிரூபிக்கப் பட்ட பாடு சிறியதல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தமிழ் மக்கள் இழந்ததும் இதே வகையான இழப்பு. பிரதி ஒன்று வேறோர் இடத்தில் இருந்தால் மூலம் அழிந்தாலும் தடயம் அழியாது.

நியாயமான சந்தேகங்கள்

"எமது காகிதங்களை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பட்டம் பெறுவார்கள், எமக்கு என்ன?" என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு என்று சொல்லி வந்த ஒருவர் எங்கள் உறவினர் வீட்டிலிருந்து சில பழைய புகைப்படங்களை வாங்கிச் சென்றார். படமும் திரும்பவில்லை, பிரதியும் வரவில்லை. எட்வர்ட் செய்த் 1978 இல் எழுதிய 'ஓரியண்டலிசம்' நூல், கீழைத்தேய ஆய்வு எப்படி ஆதிக்கத்தின் கருவியாக இருந்தது என்று காட்டியது. அதற்குப் பின்னர் மேற்கின் மையங்களே தமது பழைய பழக்கங்களைக் கேள்விக்குட்படுத்தத் தொடங்கின.

இதற்கு மருந்து கதவை மூடுவது ஆகாது. நிபந்தனையோடு திறப்பதுதான் வழி. மூலம் வீட்டிலேயே இருக்கட்டும், பிரதி மட்டும் போகட்டும். எதையும் வெளியே கொடுப்பதானால் எழுத்தில் பற்றுச்சீட்டு வேண்டும். எடுத்த பிரதியின் ஒரு படி குடும்பத்துக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் வர வேண்டும். முடிவுகளின் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும்.

இன்னொரு பொறுப்பு எம்முடையது. கடன் கொப்பியில் இருப்பது கடைக்காரரின் வரலாறு மட்டுமல்ல. கடன்பட்டவரின் பெயரும் அதில் இருக்கிறது. அவரின் பேரப்பிள்ளைகள் இன்று எமது அயலவர். யார் எவ்வளவு கடன் வைத்திருந்தார் என்பதை இணையத்தில் பெயரோடு போடுவது முறையல்ல. திருமண, விவாகரத்துப் பதிவுகளும் அப்படித்தான். எந்த ஆவணத்தை எப்போது, யாருக்குத் திறப்பது என்ற விதியை வகுக்க மையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதேவேளை, எமக்குப் பெருமை தரும் பக்கங்களை மட்டும் எடுத்துக் கொடுத்து, கசப்பான பக்கங்களைக் கிழித்துவிட்டால் அதற்கு ஆய்வு என்று பெயர் இல்லை. விலை கூட்டி விற்றிருந்தால் அதுவும் தெரியட்டும். வேலைநிறுத்த நாட்களில் அரிசி கொடுத்துத் தாங்கியிருந்தால் அதுவும் தெரியட்டும்.

யாரிடம் கேட்பது, நாம் என்ன செய்வது?

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 இல் பதுளையில் தொடங்கப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பம், ஏற்றுமதி விவசாயம், முகாமைத்துவம் போன்ற துறைகள் அங்கே முதன்மை பெறுகின்றன. அவை மாகாணத்துக்குத் தேவையானவையே. ஆனால் தேயிலையை ஆராயும் பல்கலைக்கழகம், தேயிலையைப் பறித்தவரையும், அவருக்கு அரிசி விற்றவரையும், அந்தக் காணியில் முன்பு சேனை செய்த சிங்களக் கிராமத்தவரையும் சேர்த்து ஆராய ஒரு சிறு நிலையமாவது வைத்திருப்பது பொருத்தம். ஒலுவிலில் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழி பீடம் இருக்கிறது. அரபுத்தமிழைப் படிக்கக்கூடியவர்களை அங்கே உருவாக்கலாம். பேராதனையில் 1968 இல் தொடங்கிய இலங்கைக் கற்கைகள் கருத்தரங்கு, பெரிய கட்டடமோ பெரிய நிதியோ இல்லாமலே பல துறை ஆய்வாளர்களை ஒரு மேசையில் அமரவைத்தது. ஊவாவுக்கும் அப்படி ஒரு தொடக்கம் போதும். இந்த மூன்று இடங்களும் ஏ5 வீதியாலும் அதன் கிளை வீதிகளாலும் இணைந்தவை. தவளம் போன பாதையில் ஆய்வும் போகட்டும்.

2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் இணையத்தில் இலவசமாகத் தந்து வருகிறது. பல்கலைக்கழகம் விழித்தெழும் வரை காத்திருக்காமல் அப்படியான முயற்சிகளுடன் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் பாடசாலைகளும் இப்போதே பேசலாம்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பழைய காகிதத்தை லெமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் நாளடைவில் காகிதத்தைத் தின்றுவிடும். நனைந்ததை வெயிலில் போடாமல் நிழலில், காற்றில் உலர்த்துங்கள். எமது மலைப்பக்க ஈரத்துக்கு, நிலத்திலும் சுவரோடு ஒட்டியும் வைக்காமல் உயரமான தட்டில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதையும் படம் எடுங்கள். புகைப்படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதாமல் பென்சிலால் மெதுவாகப் பெயர்களை எழுதுங்கள். எண்பது வயதைக் கடந்தவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர்களின் அனுமதியோடு குரலைப் பதிவு செய்யுங்கள். இதைப் பள்ளி விடுமுறையில் உயர்தர மாணவர்களே செய்யலாம்.

அடுத்த முறை யாராவது ஒருவர் எமது ஊரைப் பற்றி, எமது வருகையைப் பற்றி, எமது விசுவாசத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால், அதைப் படித்துக் கொதிப்பதற்குப் பதிலாக, "இந்தப் பதிவேட்டின் இத்தனையாம் பக்கத்தைப் பாருங்கள்" என்று சொல்ல எமது பிள்ளைகளால் முடிய வேண்டும். அந்தப் பக்கத்தைக் காத்து வைப்பதும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை உருவாக்குவதும்தான் ஆசிய ஆய்வு மையம் ஒன்றிடம் நாம் கேட்க வேண்டியவை. எமது மாகாணத்தின் பல்கலைக்கழகப் பேரவைகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுப்போம். அதுவரை, வீட்டிலுள்ள தகரப் பெட்டியை எவரும் பழைய பேப்பர்க்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம்.